முதல்முறை மேனேஜரை எதை வைத்து எடைபோடுவது?

கேள்வி: நான் ஆதரிக்கும் மேஜர் லீக் பேஸ்பால் (அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்) அணி, இதுவரை எங்கும் மேனேஜராக, அதாவது ஆட்டத்தின்போது அணியை நடத்துபவராக, இருந்திராத ஒருவரை நியமித்திருக்கிறது. ரசிகர்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள். இந்தக் கோபம் நியாயம்தானா?

பதில்: அணியின் மேல் அக்கறை இருப்பதால் வரும் கோபம்தான், அதைக் குறைசொல்ல மாட்டோம். ஆனால் "அனுபவமில்லாதவர்" என்ற ஒரே மூட்டைக்குள் முற்றிலும் வேறுவேறான ஆட்களைப் போட்டுக் கட்டுகிறோம். 2017 டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸ் நியமித்த ஆரன் பூன் கோச்சாகக்கூட வேலை பார்த்ததில்லை. தொலைக்காட்சி வர்ணனையிலிருந்து நேரே வந்தவர். அதே பருவத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு வந்த அலெக்ஸ் கோராவும் புதியவர்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ஹூஸ்டன் அணியின் பெஞ்ச் கோச்சாக மேனேஜரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். கிளீவ்லாந்து கார்டியன்ஸின் ஸ்டீபன் வோட் 2022 வரை களத்தில் கேட்சராக ஆடினார், 2023-இல் சியாட்டிலில் புல்பென் (மாற்றாக வீசவிருப்பவர்கள் கையைச் சூடாக்கும் இடம்) கோச், 2024-இல் மேனேஜர். 2025 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் தேர்ந்தெடுத்த டோனி விட்டெல்லோ, டென்னசி பல்கலைக்கழக அணியிலிருந்து நேராக மேஜர் லீக் மேனேஜர் நாற்காலிக்கு வந்தவர்.

ஆகவே, "முன்பு மேனேஜராக இருந்தாரா?" என்று கேட்பதைவிட, "ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது பந்து வீசும் பிட்சரை மாற்றும் முடிவுக்குப் பக்கத்தில் எத்தனை நாள் இருந்திருக்கிறார்?" என்று கேளுங்கள். பெஞ்ச் கோச், புல்பென் கோச், மைனர் லீக் மேனேஜர் ஆகிய மூவரும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தவர்கள். மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீகில் பெரிய கூட்டம் இல்லாமல், தொலைக்காட்சி அலசல் இல்லாமல் தவறு செய்து திருத்திக்கொள்ளலாம். வர்ணனை அறையிலிருந்து வருபவருக்கு அந்தப் பழக்கம் இருக்காது. அதற்காக அவர் தோற்றுவிடுவார் என்றும் இல்லை: பூன் முதல் இரண்டு பருவங்களில் 100, 103 வெற்றிகள் பெற்றார். கோரா முதல் பருவத்திலேயே 108 வெற்றியும் உலகத் தொடர் கோப்பையும் பெற்றார்.

கேள்வி: கிரிக்கெட்டில் களத்தில் கேப்டன் முடிவெடுக்கிறார். பேஸ்பாலில் மேனேஜர் கையில் உண்மையில் என்ன இருக்கிறது?

பதில்: பேட்டிங் வரிசை, பிட்சரை எப்போது மாற்றுவது, பதிலி ஆட்டக்காரர்களை எப்போது இறக்குவது, அம்பயரின் தீர்ப்பை எதிர்த்து ரீப்ளே கேட்பதா வேண்டாமா. இத்தனையும் அவருடையது. அணியில் யார் இருப்பது, யாரை வாங்குவது என்பதெல்லாம் ஜெனரல் மேனேஜரும் அவருடைய அலுவலகமும் பார்ப்பது. பலவீனமான அணியைக் கொடுத்துவிட்டு மேனேஜரைத் திட்டுவது தவறான கதவைத் தட்டுவதுதான்.

கேள்வி: முதல்முறை மேனேஜர்கள் பெரும்பாலும் எங்கே சறுக்குகிறார்கள்?

பதில்: புல்பென்னில். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

26 பேர் கொண்ட அணியில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஐந்து பேர் ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர்கள்) என்றால் மிஞ்சுவது எட்டு ரிலீவர்கள் (நடுவில் மாற்றாக வருபவர்கள்). காகிதத்தில்தான் எட்டு. நேற்றும் முந்தாநாளும் வீசியவரை மூன்றாம் நாளும் இறக்க அணிகள் தயங்கும். நேற்று நிறைய பந்துகள் வீசியவரும் இன்று கிடையாது. ஆக, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை இரவில் மேனேஜர் கையில் உண்மையாக இருப்பது நான்கைந்து பேர்தான். இந்தக் கணக்கை 162 ஆட்டங்களுக்குப் போட வேண்டும். புதியவர் இன்றைய ஆட்டத்தை மட்டும் பார்த்து ஜெயிக்கப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை கைகள் காலியாக இருக்கும்.

ஸ்கோர் அட்டையில் வராத ஒரு செலவும் உண்டு. ஒரு ரிலீவரை எழுப்பி, புல்பென்னில் பந்து வீசிக் கையைச் சூடாக்கச் சொல்லிவிட்டு, பிறகு இறக்காமலே உட்கார வைப்பது. ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை இப்படிச் செய்தால் அந்தக் கை அன்று வேலை செய்த கைதான். ஆனால் பதிவில் அவர் ஆடவே இல்லை என்று இருக்கும். இதை நன்றாகக் கையாளும் மேனேஜரை வீரர்கள் மதிப்பார்கள்.

இதற்குச் சரியான பாடம், 2018-இல் பிலடெல்பியா பிலீஸுக்கு முதல்முறை மேனேஜராக வந்த கேப் கேப்ளர். மார்ச் 29, பருவத்தின் முதல் ஆட்டம், அட்லாண்டாவில். ஸ்டார்ட்டர் ஆரன் நோலா 68 பந்துகளே வீசியிருந்தார், அணி 5-0 என்று முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸில் அவரை எடுத்துவிட்டார் கேப்ளர். காரணம் இல்லாமல் இல்லை: ஒரே பிட்சரை மூன்றாவது முறை எதிர்கொள்ளும் பேட்டர் அவருடைய பந்துகளுக்குப் பழகிவிடுவார் என்று புள்ளிவிவரம் சொல்கிறது. ஆனால் உள்ளே வந்த ஹோபி மில்னரின் பந்தில் அட்லாண்டாவின் ஃப்ரெடி ஃப்ரீமன் ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) அடித்தார். கடைசியில் ஆட்டம் 8-5 என்று கைவிட்டுப் போனது. இரண்டு நாள் கழித்து அதே மில்னரை, அவர் புல்பென்னில் கை சூடாக்காமல் இருக்கும்போதே அழைத்துவிட்டார். தகவல் சரியாகப் போய்ச் சேரவில்லை. அம்பயர் கூடுதல் நேரம் கொடுக்க, அதை எதிர்த்து வாதிட்ட அட்லாண்டா மேனேஜர் வெளியேற்றப்பட்டார். பிலடெல்பியா திரும்பியபோது சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு வரவேற்றார்கள்.

முதல் தவறு கொள்கை பற்றியது, அதை வாதிடலாம். இரண்டாவது, வேலைமுறைத் தவறு. அதை மன்னிக்க முடியாது, ஆனால் சரிசெய்ய எளிது. ரசிகர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். இதே கேப்ளர் 2021-இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு 107 வெற்றிகள் பெற்றுத் தந்தார்.

சீக்கிரம் எடுப்பது ஒரு பக்கம் என்றால், தாமதிப்பது மறுபக்கம். 2018 அக்டோபர் 8, யாங்கீஸ் மைதானம், ப்ளே-ஆஃப் (162 ஆட்டங்களுக்குப் பிந்தைய கோப்பைக் கட்டம்) ஆட்டம். ஸ்டார்ட்டர் லூயிஸ் செவெரினோ தடுமாறுவது தெரிந்தும், 0-3 என்று பின்தங்கிய நிலையில் நான்காவது இன்னிங்ஸுக்கும் அவரையே பூன் அனுப்பினார். ஒருவரும் அவுட்டாகாமல் மூன்று பேஸிலும் (ஓடிச் சென்று நிற்கும் தளங்கள்) எதிரணியினர் நிரம்பிய பிறகே மாற்றினார். இன்னிங்ஸ் முடியும்போது 0-10. ஆட்டம் 1-16. ப்ளே-ஆஃபில் தவறைத் திருத்திக்கொள்ள நாள்கள் அதிகம் இல்லை. நீண்ட பருவத்தின் பொறுமையை அங்கே கொண்டுபோனால் இப்படித்தான் ஆகும்.

கேள்வி: அப்படியானால் பழுத்த அனுபவசாலியை எடுத்திருந்தால் இந்தத் தவறுகள் வராதே?

பதில்: வரும். 2016 அக்டோபர் 4, டொராண்டோவில் பால்டிமோரின் வைல்ட் கார்டு ஆட்டம், தோற்றால் பருவமே முடிந்தது. மேனேஜர் பக் ஷோவால்டர் 1992-இலேயே மேஜர் லீக் மேனேஜராகிவிட்டவர். ஆனால் அணியின் மிகச் சிறந்த ரிலீவரான ஜாக் பிரிட்டனை, "முன்னிலை கிடைத்தால் கடைசியில் இறக்கலாம்" என்று வைத்திருந்தார். முன்னிலை கிடைக்கவே இல்லை. 11-ஆவது இன்னிங்ஸில் வேறொருவர் வீசிய பந்தை எட்வின் என்கார்னாசியோன் ஹோம் ரன் ஆக்க, ஆட்டம் முடிந்தது. பிரிட்டன் ஒரு பந்துகூட வீசவில்லை.

கேள்வி: மேனேஜர் வெறும் பொம்மை, அலுவலகத்திலிருந்து போனில் சொல்வதைச் செய்கிறவர் என்கிறார்களே?

பதில்: யாரை எந்தச் சூழலில் எதிர்கொள்வது என்ற தயாரிப்பு ஆட்டத்துக்கு முன் அலுவலகத்தோடு சேர்ந்து நடக்கிறது, உண்மை. ஆட்டத்தின் நடுவே, பிட்சரின் தோள் இறங்குவதையும் முகம் வெளிறுவதையும் பார்ப்பது பெஞ்சில் இருப்பவர்தான்.

கேள்வி: எத்தனை ஆட்டம் வரை பொறுத்துப் பார்க்கலாம்?

பதில்: முதல் இரண்டு வாரத்து வெற்றி தோல்வியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 2018-இல் நியூயார்க் மெட்ஸின் புது மேனேஜர் மிக்கி காலவே முதல் 12 ஆட்டங்களில் 11 வென்றார். பருவம் 77 வெற்றி, 85 தோல்வி என்று முடிந்தது. அதே மெட்ஸுக்கு 2024-இல் வந்த கார்லோஸ் மென்டோசா முதல் ஐந்து ஆட்டங்களையும் தோற்றார். அந்த அணி நேஷனல் லீக் இறுதித் தொடர் (உலகத் தொடருக்கு முந்தைய கட்டம்) வரை போனது.

நாற்பது ஆட்டங்கள் கொடுங்கள். அதுவரை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள்: எந்த ரிலீவர் மூன்று நாள் தொடர்ந்து வீசினார், ஆட்டம் இழுபறியாக இருக்கும்போது வந்தது நல்ல ரிலீவரா, சுமாரானவரா, புதிதாக வந்த பிட்சர் மூன்று பேட்டர்களையாவது சந்திக்க வேண்டும், அல்லது இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்ற 2020 விதியை நினைவில் வைத்து, வரப்போகும் மூவரில் யாருக்காக அவரை அழைத்தார். தவறு நடந்ததா என்பதைவிட, அதே தவறு திரும்ப நடந்ததா என்று பாருங்கள். ஏப்ரலில் செய்ததை மே இறுதியிலும் செய்கிறார் என்றால் அப்போது கோபப்படலாம். நாங்களும் உங்கள் பக்கம்தான்.

கேள்வி: பேட்டிங் வரிசையைத் தவறாக எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்?

பதில்: மேலே சொன்ன மிக்கி காலவேயின் மெட்ஸுக்கே 2018 மே 9 அன்று சின்சினாட்டியில் அது நடந்தது. அம்பயரிடம் கொடுத்த அட்டையில் இரண்டாவது அஸ்ட்ரூபல் கப்ரேரா, மூன்றாவது வில்மர் ஃப்ளோரஸ். களத்தில் ஃப்ளோரஸ் முதலில் ஆடிவிட்டார்; அடுத்து வந்த கப்ரேரா இரண்டு பேஸ் எடுத்தார். எதிரணி மேனேஜர் அட்டையோடு வந்து முறையிட்டதும், அந்த அடி செல்லாது என்றாகி இன்னிங்ஸே முடிந்தது. ஆட்டத்தை மெட்ஸ் 1-2 என்று தோற்றது. அம்பயர் கையில் இருக்கும் அட்டைதான் செல்லும். பெஞ்ச் சுவரில் ஒட்டியிருப்பது செல்லாது. எனவே அட்டையைக் கொடுக்கும் முன் இரண்டையும் அருகருகே வைத்து ஒருவர் பெயர் வாசிக்க, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை.