முதல் கிராண்ட் முடிந்த பிறகு லேப் எப்படி ஓடும்?

சென்னையில் ஒரு கல்லூரியில் 22 வருடமாக வேதியியல் நடத்துகிறேன். கிராண்ட், அதாவது ஆராய்ச்சி நிதி, வாங்கி ஐந்து புராஜெக்ட் முடித்திருக்கிறேன். திரும்பி வந்த விண்ணப்பங்கள் அதைவிட அதிகம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த அறிவியல் ஆசிரியர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேடம், நான் இயற்பியல். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எஸ்இஆர்பி ஸ்டார்ட்-அப் கிராண்டுக்குப் போடச் சொல்கிறார் சீனியர். போடலாமா?

அந்தப் பெயரில் இனித் தேடாதீர்கள், தம்பி. ஆராய்ச்சிக்கு நிதி தந்துவந்த மத்திய அரசு வாரியமான எஸ்இஆர்பி, 2023-இல் வந்த சட்டப்படி ஏஎன்ஆர்எஃப் என்ற தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது. அன்று இரண்டு வருடத்துக்கு 30 லட்சம். இப்போது நீங்கள் பார்க்க வேண்டியது பிரதம மந்திரி பெயரில் உள்ள எர்லி கரியர் கிராண்ட்: மூன்று வருடம், 60 லட்சம் வரை, ஓவர்ஹெட் (கல்லூரியின் பொதுச் செலவுக்கான பங்கு) தனி. வயது வரம்பு 42. பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கும் மூன்று வருடத் தளர்வு உண்டு. அறிவிப்பு வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் கல்லூரியின் ஒப்புதல் கடிதம் வாங்கவே பத்து நாள் போய்விடும். இப்போதே எழுதி வையுங்கள்.

பட்ஜெட்டில் பெரிய கருவி ஒன்று கேட்கலாம் என்று இருக்கிறேன் மேடம். (உயிரித் தொழில்நுட்பம், வண்டலூர்)

வேண்டாம் என்றுதான் சொல்வேன். புராஜெக்டில் வேலை செய்யும் ஒரு ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி மாணவர்) பிள்ளைக்கு உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, மூன்றாம் வருடம் 42,000. கூட்டினால் 13.92 லட்சம், வீட்டு வாடகைப் படி தனி. கெமிக்கல், கண்ணாடிச் சாமான், பயணம் எல்லாம் இதற்கு மேல். மிச்சத்தைக் கருவியில் போட்டால், கிராண்ட் முடிந்ததும் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம்) கட்ட ஆளிருக்காது. பிளாஸ்டிக் உறை போட்டு, 'பழுது' என்று காகிதம் ஒட்டி மூலையில் நிற்கும் கருவி இல்லாத கல்லூரி உண்டா? என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் சோதனை) மாதிரி வேலைக்கு ஐஐடி மெட்ராஸில் எஸ்ஏஐஎஃப் என்ற பொதுக் கருவி மையம் இருக்கிறது. காசு கட்டி சாம்பிள் கொடுக்கலாம். மற்ற கருவிகள் எங்கே இருக்கின்றன என்று, ஆராய்ச்சிக் கருவிகளைப் பட்டியலிடும் ஐ-ஸ்டெம் போர்ட்டலில் தேடுங்கள்.

ஃப்ரீசர் வாங்கினால் ஜெனரேட்டர் லைன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பக்கத்துத் துறை ஃப்ரீசர் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது. பிள்ளைகள் சாம்பிள் வைத்த தெர்மாகோல் பெட்டியைத் தலையில் வைத்து முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள்.

இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது முறை போடுவதா? (தாவரவியல், ஆவடி)

போடுங்கள். ஆனால் முதல் பக்கத்தை உங்கள் துறையில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, என்ன செய்யப் போகிறேன் என்று கேளுங்கள். அவர் சொல்லத் தடுமாறினால் ரிவியூவரும் தடுமாறியிருப்பார்.

கிராண்ட் முடிய நான்கு மாதம்தான் இருக்கிறது மேடம். என் ஸ்டூடண்டுக்கு இன்னும் ஒரு வருட வேலை பாக்கி. என்ன செய்வது? (வேதியியல், பெரம்பூர்)

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். லேப் நின்றுபோவது இந்த இடைவெளியில்தான். மூன்று வருட கிராண்டில் பதினெட்டாவது மாதமே அடுத்ததை எழுத ஆரம்பித்துவிட வேண்டும். முதல் புராஜெக்டில் எதிர்பாராமல் ஒரு ரிசல்ட் வருமே, அதைப் பேப்பரின் கடைசிப் பத்தியில் போட்டு முடித்துவிடாதீர்கள். ஒரு மாதம் ஒதுக்கி அதைச் சரிபாருங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு ஆதாரம் அதுதான்.

உங்கள் நிலையில் இன்றைக்கே மூன்று வேலை. செலவு சேர்க்காமல் கால நீட்டிப்பு கேட்டு எழுதுங்கள். கல்லூரியின் சீட் மணி (ஆராய்ச்சிக்குக் கல்லூரியே தரும் தொகை) எவ்வளவு என்று முதல்வரிடம் கேளுங்கள். ஸ்டூடண்டிடம் நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை எங்கள் யூசி (நிதியைச் செலவழித்ததற்கான சான்றிதழ்) ஓர் அலுவலக மேஜையில் நான்கு மாதம் கிடந்தது. யூசியும் செலவுக் கணக்கும் போகாமல் அடுத்த தவணை வராது, ஸ்டூடண்டின் உதவித்தொகையும் நின்றுவிடும். என் ஸ்டூடண்ட் திருவள்ளூரிலிருந்து லோக்கல் ட்ரெயினில் வருவாள். ஒரு மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். டிபன் பாக்ஸை நகர்த்தி வைக்கத் தூக்கினேன், கனமே இல்லை. மற்றவர்கள் கேட்கக் கூடாதென்று காலி டப்பாவைக் கொண்டுவந்திருக்கிறாள். அன்றிலிருந்து ஜனவரிக்குள் எல்லா பில்லையும் முடித்துவிடுவேன். மார்ச் 31 தாண்டியதும் கணக்குப் பிரிவில் நானே போய் நிற்பேன். செலவை என் கையால் ஒரு நோட்டில் தனியாகவும் எழுதி வைக்கிறேன்.

சுயநிதிக் கல்லூரியில் இருக்கிறேன். எங்களுக்கு யார் தருவார்கள் மேடம்? (கணிதம், பூந்தமல்லி)

மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் புராஜெக்ட் திட்டத்தில் ஆரம்பியுங்கள். தொகை சிறியதுதான், ஆனால் கணக்கு முடித்துக் காட்டிய பெயர் உங்களுக்கு வரும். கணிதத்துக்கு லேப் தேவையில்லை என்பதும் உங்களுக்கு வசதி. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே நடக்கும் செமினார்களுக்குப் போய், உங்கள் பிரிவில் வேலை செய்பவர் ஒருவரோடு சேர்ந்து எழுதப் பாருங்கள்.