புறவாசல் பூக்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறோம். நான்கு வருடத்துக்கு முன்னால் வைத்த குண்டுமல்லி ஆள் உயரம் வளர்ந்து இலையும் கொடியுமாக நிற்கிறது. பூ மட்டும் வருடம் முழுவதும் பறித்தாலும் இரண்டு முழம் கட்ட வராது. அண்ணன் வயலுக்கு வாங்கியதில் மிஞ்சிய யூரியாவை மாதம் தவறாமல் போடுகிறேன். வெட்டிவிடலாமா என்றால், பூச்செடியில் அரிவாள் வைக்கக் கூடாது என்கிறார் என் அத்தை. என்ன செய்யட்டும் அக்கா?

பதில்: பூத்துக்கொண்டிருக்கிற செடியில் அரிவாள் வைக்காதே என்று என் ஆச்சியும் சொல்வாள், தங்கச்சி. ஆனால் மார்கழி பிறந்து மழை விட்டதும் அதே ஆச்சிதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புறவாசலுக்குப் போவாள். மல்லிகையைத் தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டு மிச்சத்தை வெட்டித் தள்ளிவிடுவாள். சின்ன வயதில் அந்த மொட்டைக் குச்சிகளைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். பங்குனியில் அதே குச்சிகளிலிருந்து பெரிய நார்ப்பெட்டி நிறைய மொட்டு வரும்.

காரணம் இதுதான். மல்லிகை பூப்பது புதுத்துளிரின் நுனியில். முற்றிய கொம்பு எவ்வளவு நீண்டாலும் அதில் துளிர் குறைவு, ஆகவே பூவும் குறைவு. வெட்டினால் ஒரு கொம்பு இருந்த இடத்தில் மூன்று நான்கு துளிர் வெடிக்கும். அத்தனைக்கும் நுனி உண்டு. உங்கள் அத்தையிடம் இதை அப்படியே சொல்லிப் பாருங்கள், அவர்களே அரிவாளை எடுத்துக் கொடுப்பார்கள்.

வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். முழங்கால் உயரம் என்பது ஒன்றரை அடி, 45 முதல் 50 சென்டிமீட்டர். காய்ந்த கொம்பு, ஒன்றோடொன்று உரசுகிற கொம்பு, உள்பக்கம் பார்த்து வளர்கிற கொம்பு ஆகியவற்றை அடியோடு எடுத்துவிடலாம். மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிடுங்கள். தூரைச் சுற்றி மண்ணை லேசாகக் கொத்தி இரண்டு கூடை மக்கிய தொழு உரம் போட்டு, அன்றைக்குத்தான் நிறையத் தண்ணீர் விட வேண்டும். துளிர் வந்த பிறகு, கடலைப் புண்ணாக்கை ஊற வைத்துத் தெளிந்த நீரைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றுங்கள். யூரியா வேண்டவே வேண்டாம். தழைச்சத்தை மட்டும் மாதாமாதம் தின்ற செடி இலை விட்டே திருப்திப்பட்டுவிடும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். செடி நிற்கிற இடத்தில் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் படுகிறதா? பக்கத்து வீட்டு மாடி நிழல் விழுமானால், வெட்டிய கையோடு வேரோடு மண்ணையும் சேர்த்துப் பெயர்த்து வெயிலுக்கு மாற்றிவிடுங்கள். நிழலில் நிற்கிற மல்லிகைக்கு நான் சொன்ன எதுவும் பலிக்காது.

கேள்வி: சங்கரன்கோவில் பக்கம் கரிசல் மண். வாசலில் பிச்சி வைத்தேன். கொழுந்து இலையெல்லாம் மஞ்சளாக வெளுக்கிறது, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. தண்ணீர் பற்றவில்லையோ என்று காலையும் மாலையும் ஊற்றுகிறேன்.

பதில்: முதலில் தண்ணீரை நிறுத்துங்கள் ஐயா. நீங்கள் நல்ல மனதோடு ஊற்றுகிறீர்கள், கரிசல் அதைக் கீழே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. வேர் மூச்சு முட்டி நிற்கிறது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது.

நரம்பு பச்சையாக இருக்க, கொழுந்து வெளுப்பது இரும்புச்சத்துக் குறைவு. கரிசலில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்புத் தன்மை மிகுந்த மண் என்பதால் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கேட்டு வாங்குங்கள். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். மாதம் ஒரு முறை, பச்சை திரும்பும் வரை. அடியில் இருக்கிற முற்றிய இலைகள் முதலில் மஞ்சளானால் அது வேறு விஷயம், தழைச்சத்துக் குறைவு. அதற்குத் தொழு உரம் போதும்.

அடுத்த செடியாவது ஒரு அடி உயரத்துக்கு மேடு கட்டி, செம்மண்ணும் தொழு உரமும் கலந்து, அதன் மேல் வையுங்கள். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும்போது வேரும் சேர்ந்து அறுந்து போகும். தென்னை மட்டையோ காய்ந்த சருகோ தூரைச் சுற்றி மூடி வைத்தால் அது நடக்காது.

கேள்வி: வண்ணார்பேட்டையில் மூன்றாவது மாடி. மேற்கு பார்த்த பால்கனி. ஆனி, ஆடியில் எந்தச் செடியும் நிற்பதில்லை. ரோஜா ஐந்து முறை வாங்கிவிட்டேன்.

பதில்: ஆறாவது ரோஜா வாங்காதீர்கள், தம்பி. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு, நம் டவுனுக்கு வரும்போது வெறும் காற்றாகத்தான் வருகிறது. அது இலையிலிருந்து உறிஞ்சுகிற நீரை வேரால் ஈடு கட்ட முடிவதில்லை. தொங்கும் தொட்டிகளை எடுத்துவிட்டு, கனமான மண்தொட்டிகளைச் சுவரை ஒட்டி நெருக்கி வையுங்கள். காற்று அடிக்கிற முன்வரிசையில் நந்தியாவட்டை, கம்பியில் படர சங்குப்பூ. அவற்றின் மறைவில் டிசம்பர் பூ. அதைக் கிளை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டு மாதமும் காலை, மாலை இரு வேளையும் தண்ணீர் வேண்டும். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உங்கள் போர் தண்ணீர் கடினமானது. வாரம் ஒரு முறை அடித் துளை வழியே ஓடும் அளவுக்கு நிறைய விட்டு அலசிவிடுங்கள். முடிந்தால் அதற்கு ஆற்றுத் தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ நல்லது.

கேள்வி: கனகாம்பர விதை எப்போது எடுப்பது? காய் முற்றட்டும் என்று விட்டால் மறுநாள் வெறும் தோல்தான் இருக்கிறது. போன வருடச் செடிகளும் வெளுத்து, குன்றிப் போய்விட்டன.

பதில்: கதிரில் பூ உதிர்ந்த பிறகு அடியிலிருந்து மேலாகக் காய் முற்றும். பச்சை போய் வைக்கோல் நிறம் வந்த காயை ஒன்று பறித்து, உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். பிறகு டப்பென்று இரண்டாகப் பிளந்து விதையைத் தூர எறியும், தோல் உள்ளங்கையில் சுள்ளென்று படும். பனி விழுந்தாலோ தூறல் பட்டாலோ செடியிலேயே இதுதான் நடக்கிறது. ஆகவே கதிர் வைக்கோல் நிறத்துக்கு வரும்போது, பனி உலர்ந்த காலை ஒன்பது மணிக்கு மேல் கதிரோடு ஒடித்து, காகிதப் பையில் போட்டுக் கட்டி வைத்துவிடுங்கள். டெல்லிக் கனகாம்பரம் என்றால் விதைக்குக் காத்திருக்காதீர்கள், அது விதை பிடிக்காது. கிளை நட்டுத்தான் பெருக்க வேண்டும்.

வெளுத்த செடி ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் தெரிந்தால் அது நூற்புழு. அந்தப் பாத்தியில் மறுபடியும் கனகாம்பரம் வைக்காமல் ஒரு பருவம் முழுக்கக் கேந்தி, அதாவது செண்டுமல்லி, போடுங்கள். கேந்தியின் வேர் நூற்புழுவைக் குறைக்கும். பூவுக்குப் பூவும் ஆயிற்று.

கேள்வி: வாசலில் அரளி நன்றாகப் பூக்கிறது. பேரன் இப்போதுதான் நடை பழகுகிறான். இருக்கட்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. இலை, பூ, வேர், விதை அத்தனையும் விஷம். கையுறை போட்டு எடுத்துவிடுங்கள், எரிக்காதீர்கள், புகையும் கெடுதல். குழந்தை வாயில் வைத்துவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி. அந்த இடத்தில் செம்பருத்தி வையுங்கள். மாவுப்பூச்சி வந்தால் நுனியை ஒடித்து எறிந்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து அடிக்கலாம். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். எறும்புதான் அந்தப் பூச்சியைக் காவல் காக்கிறது.

கேள்வி: ஸ்ரீவைகுண்டம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் என் மாமியார் வைத்த பிச்சிக்கொடி பந்தலோடு போய்விட்டது. அவரும் இப்போது இல்லை. நர்சரியில் புதிதாக வாங்கி வைக்க மனம் வரவில்லை. இதை உங்களிடம் கேட்கலாமா என்றுகூடத் தெரியவில்லை.

பதில்: கேட்கலாம் மதினி. அந்த டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் சிந்துபூந்துறையில் எங்கள் புறவாசலிலும் ஆறு நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் முட்டளவு வண்டல். ஆச்சி வைத்த பிச்சி அதற்குள்ளே எங்கே கிடக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. வண்டலை வழித்துப் பார்த்தேன், பட்டை கையோடு உரிந்து வந்தது. இரண்டு மாதம் அந்த மூலைப் பக்கமே நான் போகவில்லை.

பிறகு ஒரு நாள் தச்சநல்லூரில் சித்தி வீட்டுக் கிணற்றடியில் பிச்சியைப் பார்த்தேன். மொட்டின் வெளிப்பக்கம் ஓடுகிற அந்த ரோஸ் கீற்று, எங்கள் வீட்டில் பார்த்த அதே கீற்று. பல வருடங்களுக்கு முன்னால் ஆச்சியிடம் பதியன் வாங்கி வந்தது என்றாள் சித்தி. ஒரே கொடியின் துண்டுதான் அது. விதையில் வந்த பிள்ளைகூட இல்லை, அதே செடி.

உங்கள் மாமியார் பூ கொடுத்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். பிச்சி வைத்திருப்பவர் எவரும் பதியன் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லியிருக்க மாட்டார். கோயிலுக்குப் பூக் கொடுத்த வீடு, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த ஊர், பழைய வளவில் குடியிருந்தவர்கள் என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள்.

கிடைத்ததும் இப்படிச் செய்யுங்கள். தரையை ஒட்டிய, முற்றவும் செய்யாத இளசாகவும் இல்லாத கொடி ஒன்றை வளைத்து, ஒரு கணுவின் அடிப்பக்கம் பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். அந்தக் கணுவை நான்கு விரல் ஆழம் மண்ணில் புதைத்து, மேலே ஒரு செங்கல்லை வையுங்கள். நுனி வெளியே நிற்கட்டும். மண் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று, நான்கு மாதத்தில் வேர் விடும். செங்கல்லை எடுத்துவிட்டு நுனியை மெல்ல இழுத்துப் பாருங்கள். கூடவே வந்துவிட்டால் இன்னும் வேர் இறங்கவில்லை, மறுபடி மூடி வையுங்கள். பிடித்துக்கொண்டு வர மறுத்தால், தாய்க்கொடிப் பக்கம் நறுக்கி, வேரில் ஒட்டிய மண் உதிராமல் ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏறிவிடுங்கள்.