ஏதென்ஸில் ஒரு செருப்புத் தொழிலாளிக்கு என்ன அதிகாரம் இருந்தது?

கேள்வி: போட்டித் தேர்வின் நேர்காணலுக்குத் தயாராகி வருகிறேன். மாதிரி நேர்காணலில், "பண்டைய ஏதென்ஸில் ஒரு சாதாரணக் குடிமகன் உண்மையில் என்ன அதிகாரத்தைச் செலுத்தினான்?" என்று கேட்டார்கள். "மக்கள் சபைக்குப் போய் ஓட்டுப் போட்டான்" என்றேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். பயிற்சி மையக் குறிப்பில் ஒரு பக்கம் 'நேரடி மக்களாட்சி' என்கிறது, மறுபக்கம் 'பெரிக்ளிஸ் போன்ற தலைவர்களே ஆண்டனர்' என்கிறது. நான் எதைச் சொல்ல வேண்டும்?

பதில்: முதலில் அந்தக் குறிப்பை ஓரமாக வையுங்கள். நீங்கள் சொன்ன பதில் தப்பில்லை, பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். சபையில் கை தூக்குவது அந்த மனிதனுடைய அதிகாரத்தில் ஒரு பகுதி. மீதி எங்கே இருந்தது என்று கேட்டால் மூன்று இடங்களைச் சொல்லுங்கள்: குலுக்கலில் கிடைக்கும் பதவி, நீதிமன்றம், பதவி முடித்தவரிடம் கணக்குக் கேட்கும் உரிமை. நான் சொல்வது பெரும்பாலும் கி.மு. நான்காம் நூற்றாண்டு நிலவரம். நமக்கு நல்ல ஆதாரம் கிடைத்திருப்பது அந்தக் காலத்துக்குத்தான்.

சபையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். நகரின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸுக்கு மேற்கே பினிக்ஸ் என்ற குன்றில் ஆண்டுக்கு 40 முறை கூடும். ஒருவருக்குக் குடியுரிமை வழங்குவது போன்ற சில முடிவுகளுக்கு 6,000 பேர் வாக்களித்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம் என்பது சட்டம். நடைமுறையில் திரும்பத் திரும்பப் பேசியவர்கள் கொஞ்சம் பேர்தான். 'தலைவர்களே ஆண்டனர்' என்று குறிப்பு எழுதுகிறவர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். சபையோடு ஏதென்ஸ் முடிந்துவிட்டது என்று நினைத்தால் அந்த முடிவுக்குத்தான் வர முடியும்.

இப்போது குலுக்கல். கி.மு. 508-ஐ ஒட்டி கிளைஸ்தனீஸ் செய்த சீர்திருத்தத்தில் ஐந்நூறு பேர் கொண்ட அவை உருவானது. குடிமக்கள் பத்துப் பிரிவுகள், ஒவ்வொன்றிலிருந்தும் 50 பேர். பிற்பாடு இவர்களைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். முப்பது வயது ஆகியிருக்க வேண்டும், பதவி ஓராண்டு, வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கூடாது. சபைக்கு எந்த விஷயம் போக வேண்டும் என்று தயார் செய்தது இந்த அவைதான். வயது வந்த ஆண் குடிமக்கள் சுமார் 30,000 பேர் இருந்த ஊரில் ஆண்டுதோறும் 500 பேர் மாறினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். தெருவுக்குத் தெரு அவையில் உட்கார்ந்து எழுந்த ஆள் இருந்திருப்பான்.

அதிலும் ஒரு விஷயத்தை நேர்காணலில் கட்டாயம் சொல்லுங்கள். ஆண்டைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவின் ஐம்பது பேரும் ஒரு பகுதிக்கு நிர்வாகக் குழுவாக இருப்பார்கள். அந்த ஐம்பது பேரில் ஒருவர் தினமும் குலுக்கலில் தலைவராவார். ஒரு பகல், ஒரு இரவு, அவ்வளவுதான், வாழ்நாளில் மறுபடி கிடையாது. அந்த ஒரு நாள், பொதுப் பணமும் ஆவணங்களும் இருக்கும் கோயில்களின் சாவியும் அரசு முத்திரையும் அவர் கையில் இருக்கும். குழுவில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களோடு அகோரா என்ற சந்தை வெளியில் இருந்த வட்டக் கட்டடத்திலேயே இரவு தங்குவார். நேற்று வயலில் உழுதவர், நாளை மறுபடி உழப்போகிறவர். இதைச் சொன்னால் யாரும் "அவ்வளவுதானா?" என்று கேட்க மாட்டார்கள்.

அதிகாரிகள் விஷயமும் அப்படித்தான். சந்தையில் எடையும் அளவும் சரிபார்ப்பவர், தானிய விலையைக் கவனிப்பவர், சிறைக்குப் பொறுப்பானவர் என்று பெரும்பாலான பதவிகள் குலுக்கல்தான். ஆனால் பத்துத் தளபதிகளை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள், அவர்கள் மறுபடியும் மறுபடியும் வரலாம். தேர்தல் என்பது பணக்காரர் ஆட்சியின் குணம், குலுக்கல்தான் மக்களாட்சியின் குணம் என்று அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். நம் வினாத்தாள்களில் 'தேர்தல் முறையைத் தந்தது ஏதென்ஸ்' என்ற வாக்கியத்தை இன்னும் சரியான விடையாக வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்டே பழகிய தேர்வு முறை, ஒரு நாகரிகத்தைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுக்கிறது.

கையோடு ஒரு எச்சரிக்கை. குலுக்கல் என்றதும் உத்திரமேரூர் குடவோலைக்குத் தாவாதீர்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி, இடையில் எந்தத் தொடர்பும் கிடையாது. அங்கிருந்து இங்கே வந்தது என்றோ இங்கிருந்து அங்கே போனது என்றோ யாராவது எழுதிக் கொடுத்தால் தூக்கிப் போடுங்கள்.

சரி, நீதிமன்றம். நம்மைப் போல் நீதிபதி, மேல்முறையீடு என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். ஆண்டுக்கு 6,000 பேரை, முப்பது வயது ஆனவர்களிலிருந்து, குலுக்கலில் எடுத்து, நடுவர்களாகச் சத்தியம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சின்னத் தனி வழக்குக்கு 201 பேர், பொது வழக்குக்கு 501 பேர் உட்காருவார்கள். சட்டம் படித்த நீதிபதி யாரும் தலைக்கு மேல் இல்லை. தண்ணீர்க் கடிகாரம் ஓடும், இரு தரப்பும் பேசும், இவர்கள் ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாமலே வாக்களிப்பார்கள். அதுதான் முடிவு.

யார் எந்த வழக்கில் உட்காருவார் என்பது அன்று காலை வரை யாருக்கும் தெரியாது. நிறையத் துளைகள் வரிசை வரிசையாக வெட்டிய ஒரு கற்பலகை இருந்தது. உடைந்த பகுதி ஒன்று ஏதென்ஸ் அகோரா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் பெயர், தகப்பன் பெயர், ஊர் எழுதிய வில்லையைக் கொடுப்பார், அதைத் துளையில் செருகுவார்கள். பக்கத்தில் இருக்கும் குழாய் வழியாக வெள்ளையும் கறுப்புமாகக் காய்கள் விழும். வெள்ளை விழுந்த வரிசைக்கு அன்று வேலை, கறுப்பு விழுந்த வரிசை வீட்டுக்குப் போகலாம். அதற்கப்புறம் எந்த நீதிமன்றம் என்பதற்கு இன்னொரு குலுக்கல்.

வாக்கும் ரகசியம்தான். ஆளுக்கு இரண்டு வெண்கலக் காய்கள், நடுவில் அச்சு குத்திய சின்னப் பம்பரம் மாதிரி இருக்கும். ஒன்றில் அச்சு கெட்டி, இன்னொன்றில் உள்ளே துளை. விரல்களால் அச்சின் இரு முனையையும் மூடிப் பிடித்துக்கொண்டு போட்டால் எதைப் போட்டார் என்று பக்கத்தில் நிற்பவருக்குக் கூடத் தெரியாது.

இவ்வளவு பாடு எதற்கு? இடைத்தரகனுக்காகத்தான். முதன்முதலில் நடுவர்களுக்கு லஞ்சம் கொடுத்தவர் அனிட்டஸ் என்று அரிஸ்டாட்டில் பள்ளியின் ஏடு சொல்கிறது, கி.மு. 409-ல் பைலோஸ் கோட்டை கைவிட்டுப் போனதற்காக அவர் விசாரிக்கப்பட்டபோது. பத்து ஆண்டு கழித்து சாக்ரடீஸ் மீது வழக்குப் போட்டவர்களில் ஒருவர் அதே அனிட்டஸ். யார் உட்காருவார் என்று முன்கூட்டியே தெரிந்தால்தானே விலை பேச முடியும்?

இங்கேதான் உங்கள் பெரிக்ளிஸுக்குப் பதில் இருக்கிறது. கி.மு. 430-ல் அதே மக்கள் அவரைத் தளபதிப் பதவியிலிருந்து இறக்கி அபராதம் போட்டார்கள். அடுத்த ஆண்டு மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். சபையில் ஒருவர் கொண்டுவந்த தீர்மானம் சட்டத்துக்கு முரண் என்று எந்தக் குடிமகனும் வழக்குப் போடலாம், தீர்மானம் தோற்றால் அதைக் கொண்டுவந்தவருக்குத்தான் தண்டனை. பேச்சாளர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தறிக்காரரும் குயவரும் நிறைந்த அந்தக் கூட்டத்தை நினைத்துக்கொண்டேதான் வாயைத் திறக்க வேண்டும்.

கணக்குக் கேட்பது மூன்றாவது. பதவி முடிந்ததும் தணிக்கை, யாருக்கும் விலக்கு இல்லை. பணக் கணக்கு முடிந்த பிறகு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அதிகாரி அகோராவில் அந்தப் பிரிவின் நாயகர் சிலைக்குப் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருப்பார். யாருக்கு மனக்குறை இருந்தாலும், வெள்ளை பூசிய பலகையில் தன் பெயர், எதிராளி பெயர், குற்றம், எவ்வளவு அபராதம் என்று எழுதி அவர் கையில் கொடுக்கலாம். மனு எங்கே கொடுப்பது, யார் கையெழுத்து வேண்டும் என்ற அலைச்சலே கிடையாது. ஒரு சான்றிதழுக்கு நாலு மேஜை ஏறி இறங்குகிற நமக்கு, அந்தச் சிலையடியை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

கூலி இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்காது, அதையும் சொல்லுங்கள். நடுவர்களுக்கு பெரிக்ளிஸ் காலத்தில் கூலி வந்தது, பின்னால் வந்த தலைவர் கிளியோன் அதை மூன்று ஓபோல் என்ற நாணயமாக உயர்த்தினார். ஆறு ஓபோல் ஒரு டிராக்மா, அன்றைய ஒரு தொழிலாளியின் நாள் கூலி ஏறக்குறைய அது. அரைக் கூலி என்றாலும் ஒரு முதியவர் பட்டினி கிடக்காமல் வந்து உட்கார முடிந்தது. மக்கள் சபைக்கு வருகிறவர்களுக்கும் கி.மு. 403-க்குப் பிறகு கூலி வந்தது.

அப்புறம், இடைத்தரகர்கள். இதை நான் யாரிடம் பேசினாலும் சொல்லாமல் விட மாட்டேன். அதிகாரம் மக்களிடம் இருந்தது என்று சொன்னால் போதாது, வழியில் எங்கே ஒழுகியது என்றும் தெரிய வேண்டும். உடைந்த பானை ஓட்டில் பெயர் கீறி ஒருவரைப் பத்து ஆண்டு நாடு கடத்தும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டோக்ளிஸ் என்ற தலைவரின் பெயர் கீறிய சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. எழுத்தைப் பார்த்தால் மொத்தமும் பதினான்கு பேர் கைவரிசை. எழுதத் தெரியாதவனுக்கும் சோம்பேறிக்கும் கையில் திணிக்க யாரோ தயாராக வைத்திருந்தது. இன்னொரு கூட்டம், வழக்குப் போடுவேன் என்று மிரட்டிப் பணம் பிடுங்கியது. அதனால்தான் பொது வழக்கில் ஐந்தில் ஒரு பங்கு வாக்குக் கூடக் கிடைக்காவிட்டால் வழக்குப் போட்டவருக்கே 1,000 டிராக்மா அபராதம் வைத்தார்கள்.

எல்லாவற்றையும் விட ஆபத்தான தரகன் பட்டியல் வைத்திருப்பவன். குடியுரிமை ஊர்ப் பட்டியலில் இருந்தது. பெயர் இல்லை என்றால் சபையும் இல்லை, குலுக்கலும் இல்லை. கி.மு. 346-ல் எல்லா ஊர்ப் பட்டியலையும் சரிபார்க்க உத்தரவானது. ஹாலிமஸ் என்ற கடலோர ஊரில் யூக்சிதியஸ் என்பவரின் பெயரை அடித்துவிட்டார்கள். ஊர் முடிவை எதிர்த்து அவர் நீதிமன்றத்தில் பேசிய உரை, பேச்சாளர் டெமாஸ்தனிஸின் தொகுப்பில் இருக்கிறது. ஒரு தரப்பு வாதம்தான், ஆனாலும் விவரங்களைப் பாருங்கள்.

பட்டியலைக் கையில் வைத்திருந்த யூபுலிடீஸுக்கு அவர் மேல் பழைய பகை. யூபுலிடீஸ் ஒரு பெண் மீது போட்ட வழக்கில் இவர் எதிர்ச்சாட்சி சொல்லியிருக்கிறார், அந்த வழக்கில் ஐந்தில் ஒரு பங்கு வாக்குக் கூட விழவில்லை. கூட்டத்தை ஊரில் வைக்காமல், ஆறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஏதென்ஸ் நகரத்தில் வைத்தார்கள். பகல் முழுவதும் பேச்சிலும் தீர்மானத்திலும் கழிந்தது. சத்தியம் செய்தவர்கள் 73 பேர். யூக்சிதியஸ் பெயர் வரும்போது இருட்டிவிட்டது. வயதானவர்கள் தங்கள் நிலபுலத்துக்குத் திரும்பிவிட்டார்கள், மிச்சம் இருந்தவர்கள் முப்பது பேர் கூட இல்லை. நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. வேண்டியவர்களுக்கு இரண்டு மூன்று காய்களாகக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் அறுபதுக்கு மேல் வாக்குகள்! முன்பு யூபுலிடீஸின் அப்பா ஊர்த்தலைவராக இருந்தபோது பட்டியல் தொலைந்துவிட்டது என்று சொல்லி, மறுபடி பெயர் எழுதச் சிலரிடம் பணம் பார்த்தார் என்றும் யூக்சிதியஸ் சொல்கிறார்.

அவர் மேல் சொன்ன குற்றம் என்ன தெரியுமா? அம்மா சந்தையில் நாடா விற்றாள், ஒரு காலத்தில் பிறர் குழந்தைக்குப் பாலூட்டினாள், அப்படியானால் வெளியூர்க்காரியாகத்தான் இருக்க வேண்டும். சந்தையில் தொழில் செய்வதைச் சொல்லி ஒரு குடிமகனையோ குடிமகளையோ இழித்துப் பேசினால் அவதூறு என்று சட்டமே இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்கிறார். தோற்றால் அடிமையாக விற்கப்படும் ஆபத்து, இருந்தும் இருட்டில் முப்பது பேர் செய்ததை வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் முன் எடுத்துவைக்க அவருக்கு இடம் இருந்தது.

பெண்கள், அடிமைகள், குடியேறிய வெளியூர்க்காரர்கள் பற்றி நிச்சயம் குறுக்குக் கேள்வி வரும். மழுப்ப வேண்டாம். அவர்களுக்கு வாக்கும் இல்லை, பதவியும் இல்லை. கி.மு. 451-க்குப் பிறகு தாய் தகப்பன் இருவரும் ஏதென்ஸ்காரராக இருந்தால்தான் குடிமகன். நாட்டில் இருந்தவர்களில் சிறுபான்மையினருக்குள் இருந்த அதிகாரம்தான் இது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டுத் தொடருங்கள், அவர்களாக உங்களை மடக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

பத்துக் குறிப்புகளை மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக யூக்சிதியஸின் உரையை முழுதாக ஒரு முறை படித்துவிட்டுப் போங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஒரு மாலை நேரம் போதும்.