புல்லியன் நாட்ல ஊசி மாட்டிக்குதா? கிளாஸுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி இதப் படிங்க

பெங்களூரு ராமமூர்த்தி நகர்ல இருந்து ஒரு சிஸ்டர் கேட்டிருக்காங்க: "ப்ளவுஸ் கைக்கு புல்லியன் நாட் (ஊசி மேல நூலச் சுருளாச் சுத்தி இழுக்கற எம்ப்ராய்டரி தையல்) ரோஜா போட வீடியோ பாத்து கத்துக்கிறேன். நூல் சுத்தினதுக்கு அப்புறம் ஊசி பாதியில மாட்டிக்குது, பலமா இழுத்தா எல்லாம் சுருண்டு முடிச்சாயிடுது. பக்கத்துல ஒருத்தங்க கிட்டோட சேர்த்து ஆறாயிரம் கேக்கறாங்க, கோர்ஸ் முடிஞ்சா வீட்டுக்கே ஆர்டர் தருவாங்களாம். சேரலாமா?"

மொதல்ல ஊசிய மாத்துங்கம்மா. உங்க கையில ஒரு குறையும் இல்ல. நாம எம்ப்ராய்டரிக்குன்னு வாங்கற சாதா ஊசியில காது இருக்கற எடம் தடிச்சிருக்கும், உடம்பு மெல்லிசா இருக்கும். மெல்லிசான எடத்துல சுத்தின நூலுக்குள்ள அந்தத் தடிச்ச காது எப்படி நுழையும், அதான் மாட்டுது. இதுக்கு மில்லினர்ஸ் ஊசின்னு ஒண்ணு இருக்கு, ஸ்ட்ரா நீடில்னும் சொல்வாங்க, நீளமா, காதும் உடம்பும் ஏறக்குறைய ஒரே கனமா இருக்கும். அவென்யூ ரோடு ராஜா மார்க்கெட் பக்கம் கேட்டுப் பாருங்க, ஆனா அது இல்லன்னா மணி கோக்கற ஊசிய எடுத்துக் குடுத்து "இதுவும் அதேதான்"னு சொல்வாங்க, வாங்காதீங்க, அதுல ரெண்டு மூணு இழை நுழையவே நுழையாது.

இப்ப போடற விதம். மொதல் புள்ளியில ஊசிய மேல எடுங்க, பூ இதழ் எவ்ளோ நீளமோ அவ்ளோ தள்ளி ரெண்டாவது புள்ளியில குத்தி, முனைய மறுபடி மொதல் புள்ளியிலயே வெளிய விடுங்க, ஊசிய முழுசா இழுக்கக் கூடாது, துணியிலயே நிக்கணும். வெளிய நிக்கற ஊசி மேல நூல லூசா சுத்துங்க, ஒவ்வொரு சுத்தையும் துணி வரைக்கும் கீழ தள்ளுங்க. எத்தன சுத்துன்னு எல்லாரும் கேப்பாங்க, நம்பர் மனப்பாடம் பண்ண வேண்டாம், சுத்தின நீளம் அந்த ரெண்டு புள்ளி தூரத்துக்குச் சமமா இருந்தா நேரா படுக்கும், ரெண்டு மூணு சுத்து கூட வச்சா ரோஜா இதழ் மாதிரி வளையும். அப்புறம் இடது கட்டைவிரலால சுத்த மெதுவா அமுக்கிப் பிடிச்சுட்டு ஊசிய இழுங்க, நூல ரெண்டாவது புள்ளி பக்கம் திருப்பி இழுத்தா சுருள் அப்படியே சாஞ்சு படுத்துக்கும், அங்கயே குத்தி கீழ எறக்குங்க. ரிங்குல துணி ரொம்ப டைட்டா இருந்தா இந்த மாதிரி ஊசி போட்டு எடுக்க முடியாது, கொஞ்சம் தளர்த்திக்கோங்க.

ஒரு விஷயம் மட்டும் கவனமா கேளுங்க. ப்ளவுஸுக்குன்னு பளபளன்னு விக்கற சில்க் திரெட் பெரும்பாலும் பட்டு இல்ல, ரேயான். அது வழுக்கும், சுத்து கழண்டு ஓடும். அத வச்சு மொத நாளே ஆரம்பிச்சுட்டு "எனக்கு வரல"ன்னு விட்டவங்க நிறைய பேர். மொதல்ல ஆறு இழை காட்டன் நூல்ல ரெண்டு இழை பிரிச்சு ஒரு வேஸ்ட் காடாத் துணியில போட்டுப் பழகுங்க. கை படிஞ்சதும் ரேயானுக்குப் போங்க, அப்பவும் நூல் முழங்கை நீளத்துக்கு மேல வேண்டாம், சுத்தும்போது ஒவ்வொரு சுத்தையும் விரல் நகத்தால நெருக்கிக்கணும். ப்ளவுஸ் கைக்கு ரேயானேதான் வேணும்னு கஸ்டமர் கேட்டா மட்டும் போடுங்க, காட்டன்லயே ரோஜா அழகாதான் இருக்கும்.

இப்ப அந்த ஆறாயிரம். ஒரு ஸ்டிச் கத்துக்க இவ்ளோ பணமா? அதுவும் "வீட்டுக்கே ஆர்டர்"னு சொன்னாங்கன்னா அங்கயே எழுந்து வந்துடுங்க. கிட்டுக்கு டெபாசிட் வாங்குவாங்க, நீங்க கண்ணு வலிக்க வலிக்க போட்டுக் குடுத்ததும் "ஃபினிஷிங் சரியில்ல"ன்னு திருப்பி அனுப்புவாங்க, டெபாசிட்டும் போச்சு, உழைப்பும் போச்சு. வேல குடுக்கறவங்க உங்ககிட்ட காசு வாங்க மாட்டாங்கம்மா.

இன்னொரு கூட்டம் கவர்மென்ட் கார்டு எடுத்துத் தரேன்னு வரும். கைவினைக் கலைஞருக்கு மத்திய ஜவுளி அமைச்சகம் குடுக்கற பெஹ்சான் கார்டு, அதாவது அடையாள அட்டை, இலவசம், யாருக்கும் கமிஷன் குடுக்க வேண்டியதில்ல. கைத்தொழில் செய்யறவங்களுக்குன்னு மத்திய அரசு 2023 செப்டம்பர் 17ல ஆரம்பிச்ச பிஎம் விஸ்வகர்மா திட்டத்துல 18 தொழில் இருக்கு, டெய்லர் இருக்காங்க, எம்ப்ராய்டரிக்குன்னு தனியா எடம் இல்ல! ராத்திரி பகலா உக்காந்து ப்ளவுஸ் போடற இத்தன பொம்பளைங்கள ஒரு லிஸ்ட்ல சேக்க என்ன கஷ்டம்? இப்படி தெளிவில்லாம வச்சிருக்கறதாலதான் ஏஜென்ட்டுங்க நடுவுல பூந்து சம்பாதிக்கறாங்க.

ஊசி வாங்கும்போது பாக்கெட்டப் பிரிக்காமயே வெளிச்சத்துல காட்டி காதப் பாருங்க, உடம்ப விட காது தடிச்சுத் தெரிஞ்சா அங்கயே திருப்பிக் குடுத்துடுங்க.