மாதிரிக்கு ஐந்து கட்டுரை இலவசமாகக் கேட்கிறார்கள், எழுதித் தரலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். நான்கு வருடங்களாகத் தமிழில் வலைப்பூ எழுதுகிறேன். ஊர்ப் பண்டிகை, தேயிலை, சமையல், மலைப்பாதை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. படிப்பவர்கள் பாராட்டுகிறார்கள், வருமானம்தான் ஒரு ரூபாய்கூட இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போனபிறகு கிடைக்கும் நேரத்தில் எழுதிச் சம்பாதிக்க ஆசை. சென்னையில் ஒரு நிறுவனம் சொல்லுக்கு 30 பைசா தருவதாகச் சொல்கிறது. அதற்கு முன்னால் மாதிரிக்கு ஐந்து கட்டுரை இலவசமாக வேண்டுமாம். "தமிழில் எழுதினால் காசு வராது, இங்கிலீஷுக்கு மாறிடு" என்கிறான் தம்பி. என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஐந்து கட்டுரைகளை எழுதித் தராதீர்கள். நான்கு வருட எழுத்து வலைப்பூவில் இருக்கிறதே, மாதிரி வேண்டுபவர்கள் அதைப் படிக்கட்டும். உங்களுக்கே பிடித்த மூன்று பதிவுகளின் சுட்டியை அனுப்பி, "புதிதாக ஒன்று எழுதித் தர வேண்டுமானால் அதற்குக் கட்டணம் இவ்வளவு" என்று எழுதுங்கள். எழுத்துக்காரர் உண்மையிலேயே தேவைப்படும் இடம் என்றால் ஒரு கட்டுரைக்குக் காசு கொடுத்துப் பார்க்கத் தயங்க மாட்டார்கள். பத்துப் பேரிடம் ஐந்தைந்தாக வாங்கினால் 50 கட்டுரைகள். காலணா செலவில்லாமல் ஒரு தளமே நிரம்பிவிடும். வேலை தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது கேட்டால் அந்த எண்ணையே தடைசெய்துவிடுங்கள்.

சொல்லுக்கு 30 பைசா என்றால் ஆயிரம் சொல்லுக்கு 300 ரூபாய். நீங்கள் ஆளைப் பார்த்துப் பேசி, படம் எடுத்து, எழுதித் திருத்துவதற்கு இரண்டு நாளாவது ஆகும். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் கூலியே அதைவிட அதிகம். சொல்லை எண்ணி விலை பேசும் இடத்தில், யார் மலிவோ அவருக்குத்தான் வேலை. அங்கே உங்கள் மலையறிவுக்கு மதிப்பே கிடையாது. ஒரு கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். எத்தனை மணி நேரம் ஆகும், போக்குவரத்துச் செலவு என்ன, எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதையெல்லாம் கூட்டிப் பார்த்து அந்தத் தொகையைச் சொல்லுங்கள். முதல் தடவை சொல்லும்போது வாய் கூசும். கூசினாலும் சொல்லுங்கள்.

சரி, வேலை எங்கே கிடைக்கும்? உங்களைச் சுற்றியே கிடைக்கும் என்று நம்புகிறேன். கோத்தகிரி, குன்னூர் ஹோம்ஸ்டேக்களின் இணையப் பக்கங்களைப் பொறுமையாக உட்கார்ந்து படியுங்கள். பனி, பசுமை, அமைதி என்று எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே பாடும். ஆனால் வர நினைப்பவர் போன் போட்டுக் கேட்பது வேறு. கார் வாசல் வரை வருமா? இ-பாஸ் எடுக்க வேண்டுமா? (வெளியூர் வண்டி நீலகிரிக்குள் வர இணையத்தில் வாங்கும் அனுமதி அது. 2024 மே 7 முதல் எடுத்தாக வேண்டும், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு.) சீசன் நேரத்தில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்வார்களே, அப்படியானால் எந்த வழியில் வருவது? காலையில் வெந்நீர் உண்டா? பாட்டில் தண்ணீர் கொண்டுவரலாமா? ஒரே பதிலைத் தினமும் பத்துப் பேருக்குச் சொல்லித் தொண்டை வறண்டுபோன உரிமையாளருக்கு, அதையெல்லாம் தெளிவாக எழுதிய ஒரு பக்கத்துக்குக் காசு கொடுப்பது நஷ்டமில்லை.

அவருக்கு நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "வணக்கம். கோத்தகிரியில் வசிக்கிறேன், நான்கு வருடங்களாக இந்த மலையைப் பற்றி எழுதுகிறேன். உங்கள் பக்கத்தில் வரும் வழி, இ-பாஸ், சாப்பாட்டு நேரம் மூன்றும் இல்லை. நேரில் வந்து பார்த்து, தமிழில் ஒரு பக்கம் எழுதித் தருகிறேன். கட்டணம் இவ்வளவு, பத்து நாளில் முடியும். நான் எழுதியவை கீழே." உங்கள் ஆசை, கஷ்டம், லட்சியம் எதுவும் இதில் வேண்டாம். அவருக்கு என்ன குறை, அதை எப்படித் தீர்ப்பீர்கள், அது போதும். சீசனுக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே தயாராகிறவர்கள் உண்டு, அப்போதே எழுதுங்கள். ஏப்ரலில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

அடுத்தது தேயிலை. பச்சைத் தேயிலையை ஃபேக்டரிக்குப் போட்டுக் கட்டுப்படியாகாமல், சொந்தப் பெயரில் ஆர்த்தடாக்ஸ் தேயிலை (இலையைச் சுருட்டிப் பக்குவப்படுத்துவது) செய்து இணையத்தில் விற்கும் சிறு விவசாயிகள் இருக்கிறார்கள். வாங்குகிற சென்னைக்காரர் அதை வழக்கமான குருணைத் தூளான சிடிசி மாதிரி பாலில் போட்டுக் கொதிக்கவிட்டு, "சாயமே இறங்கலை" என்று குறைசொல்லிக் கருத்து எழுதிவிடுகிறார். தப்பு தேயிலையில் இல்லை. கொதித்த நீரை ஊற்றி, மூடிவைத்து, சில நிமிடத்தில் வடிகட்ட வேண்டும் என்று பாக்கெட்டில் யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். எந்த மாதத்துக் கொழுந்து, டிசம்பர், ஜனவரி உறைபனியில் பறித்தால் மணம் ஏன் மாறுகிறது, எப்படிப் போட்டுக் குடிப்பது என்றெல்லாம் எழுதத் தேயிலைக்காட்டுப் பெண்ணான உங்களைவிட யார் இருக்கிறார்கள்? 1993 இல் தொடங்கி, உங்கள் ஊரிலேயே இயங்கும் கீஸ்டோன் போன்ற தொண்டு அமைப்புகளிலும் தமிழில் எழுதித் தர வேலை உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

தம்பி சொல்வதில் பாதி உண்மை. வலைப்பூவில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 இலேயே தமிழுக்கு வந்துவிட்டது. ஆனாலும் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள், சிறிய வலைப்பூவுக்கு அது சேர வெகுகாலம் ஆகும். விளம்பர வருமானத்தை நம்பி உட்காராதீர்கள். அதற்காகத் தமிழை விட வேண்டாம். மலைக்கு வரும் கூட்டத்தில் தமிழ் படிப்பவர்கள் எவ்வளவு பேர்! அவர்களுக்காக யாரும் ஒழுங்காக எழுதுவதில்லை. ஆங்கிலமும் கைவருமானால் இரண்டு மொழியிலும் தருவதாகச் சொல்லிக் கட்டணத்தைக் கூட்டிக் கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். காசு வாங்கிக்கொண்டோ, ஓசியில் தங்கிவிட்டோ உங்கள் வலைப்பூவில் ஒரு விடுதியைப் புகழ்ந்து எழுதினால், அது விளம்பரம் என்று மேலேயே போட்டுவிடுங்கள். 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. நான்கு வருடமாக உங்களை நம்பிப் படித்தவர்களிடம் மறைத்து விற்கக் கூடாது.

பணவிஷயம். தெரிந்தவர், உள்ளூர்க்காரர் என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். தலைப்பு, அளவு, தேதி, இரண்டு முறைதான் திருத்தம், பாதித் தொகை முன்பணம் என்று ஒரு மெயில் அனுப்பி "சம்மதம்" என்று பதில் வாங்குங்கள். 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவராக இல்லாமல் எழுதித் தருபவருக்கே பொதுவாக எழுத்தின் முதல் உரிமை. கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால்தான் அது கைமாறும். காலவரையறை போடாமல் எழுதிக் கொடுத்திருந்தால் ஐந்து வருடம் என்று கணக்கு.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவுசெய்து கொள்ளுங்கள். அது இலவசம், ஆதாரும் பானும் போதும். அப்படிப் பதிவு செய்தவர்களுக்கு 45 நாளைக்கு மேல் பாக்கி வைத்தால் வட்டியோடு தர வேண்டும் என்கிறது 2006 ஆம் ஆண்டுச் சட்டம். பில்லின் அடியில் பதிவு எண்ணைப் போட்டு அனுப்புங்கள். ஒரே நிறுவனம் வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணமாகக் கொடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். பான் கொடுக்காவிட்டால் 20. பயப்பட வேண்டாம். உங்கள் வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டதும் திரும்பி வந்துவிடும்.

கடிதம் போட்ட எல்லோரும் பதில் தர மாட்டார்கள். ஒரு வாரம் பொறுத்து ஒருமுறை மட்டும் நினைவூட்டிவிட்டு அடுத்தவருக்கு எழுதுங்கள்.