மோல் கணக்கில் எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது?

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த பையனுக்கு கிராமை மோலாக்கவும் மோலை அணு எண்ணிக்கையாக்கவும் சூத்திரம் தெரிகிறது, ஆனால் எங்கே பெருக்குவது எங்கே வகுப்பது என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். வியாசர்பாடியில் பல வருடமாக வேதியியல் ட்யூஷன் எடுக்கிறேன். பாதிப் பிள்ளைகளுக்கு இதே சிக்கல்தான். முக்கோணம் வரைந்து ஒரு மூலையை விரலால் மறைக்கும் வித்தையைச் சொல்லித் தருகிறார்களே, அதில் எனக்குப் பிடிப்பில்லை. பரீட்சைப் பதற்றத்தில் எந்த மூலையில் எது என்பதே மறந்துபோகும்.

நான் மோலைப் புரிந்துகொண்டது பள்ளியில் இல்லை, மண்ணடியில் அப்பா வைத்திருந்த ஹார்டுவேர் கடையில். ஸ்க்ரூ குரோஸ் கணக்கில் போகும். ஒரு குரோஸ் என்றால் 144. ஒருநாள் பிரித்துக் கொட்டிய மூட்டையில் எத்தனை இருக்கிறது என்று ஆசாரி ஒருவர் கேட்டார். நான் தரையில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். "எண்ணிக்கிட்டு உக்காந்தா கடைய எப்படா சாத்துறது? தராசுல போடு" என்றார் அப்பா. ஒரு குரோஸ் 300 கிராம். மூட்டை நாலரைக் கிலோ. 4500-ஐ 300-ஆல் வகுத்தால் 15 குரோஸ். 15-ஐ 144-ஆல் பெருக்கினால் 2160 ஸ்க்ரூ. முடிந்தது.

மோலும் இதேதான். குரோஸுக்கு 144 என்றால் மோலுக்கு 6.022 × 10²³. ஒரு குரோஸின் எடை ஸ்க்ரூவுக்கு ஸ்க்ரூ மாறுவது போல, ஒரு மோலின் எடையும் பொருளுக்குப் பொருள் மாறும்: கார்பன் 12 கிராம், நீர் 18 கிராம், தங்கம் 197 கிராம். (பேச்சு வழக்கில் எடை என்கிறேன். விடைத்தாளில் நிறை என்றே எழுதச் சொல்லுங்கள்.) அந்த எண் இப்போது 6.02214076 × 10²³ என்று துல்லியமாக நிர்ணயிக்கப்பட்டது 2019 மே 20 முதல்தான். அதற்கு முன், 12 கிராம் கார்பன்-12-இல் எத்தனை அணு இருக்கிறதோ அதுதான் மோல். இதை அவகாட்ரோ எண் என்கிறோம், ஆனால் அவகாட்ரோவுக்கே அந்த எண் தெரியாது. அவர் பெயரை 1909-இல் அதற்கு வைத்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பெரென்.

சரி, ஒரு கணக்கு போடுவோம். தி.நகரில் ஒரு சவரன் காசு வாங்குகிறீர்கள், 8 கிராம். சுத்தத் தங்கம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மோல் 197 கிராம், கையில் இருப்பது 8 கிராம், எனவே ஒரு மோல்கூடத் தேறாது. வகுத்தால் 0.0406 மோல். அதை 6.022 × 10²³-ஆல் பெருக்கினால் 2.45 × 10²² அணுக்கள். ஒரு மாணவி இங்கே பெருக்காமல் வகுத்து, 6.7 × 10⁻²⁶ அணு என்று எழுதிக் காட்டினாள். "ஒரு சவரனில் ஒரு அணுகூட இல்லையென்றால் கடைக்காரரைப் போலீஸில் பிடித்துக் கொடும்மா" என்றேன். அதிலிருந்து அவள் விடையை ஒருமுறை உற்றுப் பார்க்காமல் கோடு போடுவதில்லை.

எதிர்த்திசையிலும் மோல் வழியாகத்தான் போக வேண்டும். அணு எண்ணிக்கை கொடுத்து கிராம் கேட்டால், முதலில் 6.022 × 10²³-ஆல் வகுத்து மோல், அப்புறம் ஒரு மோலின் நிறையால் பெருக்கி கிராம். கிராமிலிருந்து நேராக எண்ணிக்கைக்குத் தாவும் பிள்ளைகள்தான் வழுக்கி விழுகிறார்கள்.

உண்மையில் மதிப்பெண் அதிகம் போவது பெருக்கல் வகுத்தலில் இல்லை, எதை எண்ணுகிறோம் என்பதில். ஒரு டம்ளர் தண்ணீர் 180 கிராம் என்றால் 10 மோல். மூலக்கூறுகள் 6.022 × 10²⁴. ஹைட்ரஜன் அணுக்களைக் கேட்டால் அதைப்போல் இரண்டு மடங்கு, மொத்த அணுக்களைக் கேட்டால் மூன்று மடங்கு. '1 மோல் ஆக்சிஜன்' என்று மொட்டையாக எழுதக்கூடாது. அணு என்றால் 16 கிராம், மூலக்கூறு என்றால் 32 கிராம். உப்பில் மூலக்கூறு என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரு மோல் உப்பு, அதாவது 58.5 கிராமில், ஒரு மோல் சோடியம் அயனியும் ஒரு மோல் குளோரைடு அயனியும் இருக்கும். ஆகவே 'மோல்' என்று எழுதும்போதெல்லாம் பக்கத்தில் 'எதன் மோல்' என்றும் எழுதும் பழக்கத்தைப் பையனுக்கு வரவழையுங்கள்.

வாயு என்றால் உடனே 22.4 லிட்டர் என்று எழுதுகிறானா என்றும் பாருங்கள். அது 0 டிகிரி செல்சியஸில், 1 வளிமண்டல அழுத்தத்தில் மட்டும். நம் ஊர் 30 டிகிரியில் அதே ஒரு மோலுக்குக் கிட்டத்தட்ட 24.9 லிட்டர் இடம் வேண்டும். கேள்வியில் 0 டிகிரி, 1 வளிமண்டல அழுத்தம் என்று இருந்தால்தான் 22.4-ஐத் தொட வேண்டும்; 'திட்ட வெப்ப அழுத்த நிலை' என்றால் இப்போதைய IUPAC வரையறைப்படி அழுத்தம் 1 பார், அதற்கு 22.7 லிட்டர்.