எது கேனன், எது இல்லை? – வாசகர் கேள்வி பதில்

கே: பழைய புத்தகக் கடையில் ஸ்டார் வார்ஸ் நாவல்கள் ஒரு கட்டாகக் கிடைத்தன. எது கேனன், எது லெஜெண்ட்ஸ் என்று எப்படிப் பிரிப்பது?

ப: கேனன் என்றால் அதிகாரபூர்வக் கதையின் பகுதியாக ஏற்கப்பட்டது. அட்டையை விட்டுவிட்டு, உள்ளே காப்புரிமைப் பக்கத்தில் முதற்பதிப்பு ஆண்டைப் பாருங்கள். 2014 ஏப்ரல் 25 அன்று ஸ்டார் வார்ஸ் படங்களைத் தயாரிக்கும் லூகாஸ்ஃபிலிம் கோடு போட்டது. அதுவரை வந்தவற்றில் ஆறு படங்கள், 'தி குளோன் வார்ஸ்' தொடர், அதன் 2008 திரைப்படம் ஆகியவை மட்டும் உள்ளே. பெயர் ஒன்றுதானே என்று 2003ல் வந்த குறுந்தொடரைச் சேர்த்துவிடாதீர்கள். மற்ற நாவல், காமிக்ஸ், வீடியோ கேம் எல்லாவற்றுக்கும் 'லெஜெண்ட்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள். புது வரிசையின் முதல் நாவல் 'எ நியூ டான்' அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. அதற்கு முந்தைய நாவல் என்றால் தயங்காமல் லெஜெண்ட்ஸ் அடுக்கில் வையுங்கள். படங்களை அப்படியே நாவலாக்கிய நூல்கள் மட்டும், படத்தோடு ஒத்துப்போகும் அளவுக்குச் செல்லும்.

'லெஜெண்ட்ஸ்' என்ற பட்டை மறுபதிப்புகளில்தான் இருக்கும். 1990களில் அச்சான பிரதியில் இருக்காது. பட்டை இல்லை, ஆகவே கேனன் என்று முடிவுகட்டுவதுதான் பலர் வழுக்கும் இடம்.

காமிக்ஸுக்கும் கேமுக்கும் ஆண்டு மட்டும் போதாது. 2014ல் டார்க் ஹார்ஸ் வெளியிட்ட 'டார்த் மால்: சன் ஆஃப் டாத்தோமிர்' கேனன், படமாகாமல் நின்றுபோன குளோன் வார்ஸ் திரைக்கதைகளிலிருந்து எழுதப்பட்டது என்பதால். நேர்மாறாக, 2011ல் தொடங்கிய 'தி ஓல்ட் ரிபப்ளிக்' ஆன்லைன் கேம் 2014க்குப் பிறகும் புதுக் கதைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தது, ஆனாலும் லெஜெண்ட்ஸ்தான். சந்தேகம் என்றால் ஸ்டார் வார்ஸ் ரசிகர்களின் இணையக் களஞ்சியமான வூக்கிபீடியாவில் தேடுங்கள். இரண்டிலும் உள்ள பாத்திரத்துக்குப் பக்கத்தின் மேலேயே கேனன், லெஜெண்ட்ஸ் என இரண்டு தாவல்கள் இருக்கும். எந்தத் தாவலில் நிற்கிறோம் என்று பார்க்காமலே வாதத்தில் குதிப்பவர்களால்தான் பாதிச் சண்டை.

கே: திமோதி ஸானின் த்ரான் முத்தொகுதியை (1991–93) படித்திருக்கிறேன். 'அசோகா' தொடரிலும் த்ரான் வருகிறாரே, அந்தக் கதையும் கேனன் ஆகிவிட்டதா?

ப: பேரரசின் தளபதி த்ரான் என்ற ஆள் வந்தார், அவர் பழைய கதை வரவில்லை. 'ரெபெல்ஸ்' அனிமேஷன் தொடரின் மூன்றாம் சீசனில் (2016) அவரைக் கொண்டுவந்தார்கள். 2017ல் ஸானே எழுதிய 'த்ரான்' நாவல் கேனன். எழுத்தாளர் பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். ருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முத்தொகுதியின் கடைசி நூலில் த்ரானைக் கொல்வதே மெய்க்காவலன் ருக்தான். ரெபெல்ஸில் ருக் லோதால் கிரகத்தில் செத்துப்போகிறான். த்ரானைப் பர்கில் என்ற விண்வெளித் திமிங்கிலக் கூட்டம் ஹைப்பர்ஸ்பேஸுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. 'அசோகா' தொடர்வது இந்த ரெபெல்ஸ் முடிவிலிருந்து.

நூல்களிலிருந்து பெயரை மட்டும் உருவிக்கொள்வது ஸ்டார் வார்ஸைப் படைத்த ஜார்ஜ் லூகாஸ் காலத்துப் பழக்கம். தலைநகர்க் கிரகத்தின் கோரஸ்கன்ட் என்ற பெயரே ஸானின் 1991 நாவலில் பிறந்து, 1999ல் 'தி ஃபேண்டம் மெனஸ்' படத்தில் ஏறியது.

கே: 2014க்குப் பிறகு எல்லாமே சம மதிப்பு என்றார்களே, பின் ஏன் முரண்பாடு?

ப: முன்பு ஹோலோக்ரான் என்ற உள் தரவுத்தளத்தில் படிகள் இருந்தன. லூகாஸின் படங்கள் ஜி, தொலைக்காட்சி டி, நாவலும் காமிக்ஸும் சி, அதற்கும் கீழே எஸ், என். மோதினால் மேல்படி நிற்கும். படிகளை எடுத்ததும் மோதலைத் தீர்க்கும் வழியும் போய்விட்டது. ஜெடாய் வீரர்களைக் கொல்லச் சொன்ன ஆர்டர் 66ல், அவர்களில் ஒருவரான டெபா பில்லாபா சாவதைப் பாருங்கள். 2015 மார்வெல் காமிக்ஸில் அது இரவு, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது. 'தி பேட் பேட்ச்' முதல் எபிசோடில் (2021) பகல் வெளிச்சம், பனி. இரண்டும் கேனன்! திரையில் கண்டதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து எழுதுபவரும் அதைத்தான் வைத்துக்கொள்வார். கேனன் கட்டிப்போடுவது அவரைத்தான், பார்க்கிறவருக்குக் கட்டாயம் ஏதுமில்லை.

கே: ஸ்டார் ட்ரெக்கின் 1973 அனிமேஷன் தொடர் கணக்கில் உண்டா?

ப: இப்போது உண்டு. ட்ரெக்கில் விதி எளிது: திரையில் வந்தது உள்ளே, நாவல் வெளியே. இந்த 22 எபிசோடுகள் மட்டும் ஊசலாடின. 1980களின் இறுதியில் ட்ரெக்கை உருவாக்கிய ராடன்பெரியின் அலுவலகம் இவற்றை ஒதுக்கியது. ஆனால் இதிலிருந்து எடுப்பதை யாரும் நிறுத்தவில்லை. கப்பலின் கேப்டன் கிர்க்கின் நடுப்பெயரான டைபீரியஸ் 1974ல் இங்கே வந்து, 1991ல் ஆறாம் படத்தின் விசாரணைக் காட்சியில் ஏறியது. அதே படத்தில் திரையேறிய, கிர்க்கின் குழுவைச் சேர்ந்த சூலுவின் முதற்பெயர் ஹிகாரு, 'வெளியே' இருக்கும் ஒரு 1981 நாவலின் சரக்கு.

திரை விதியும் எல்லாவற்றையும் தீர்க்காது. 1966ல் வந்த 'வேர் நோ மேன் ஹாஸ் கான் பிஃபோர்' எபிசோடில் கேரி மிட்செல் உருவாக்கும் கல்லறைக் கல்லை நிறுத்திப் பாருங்கள்: 'ஜேம்ஸ் ஆர். கிர்க்'. நடுவில் டி இல்லை. பெயர் முடிவாகாத காலத்து எபிசோடு அது. இதற்காக இணைப் பிரபஞ்சம் தேட வேண்டாம்.

கே: ஸ்டார் ட்ரெக்கின் கிளிங்கான் இனத்தாருக்குப் பழைய தொடரில் வழவழப்பாக இருந்த நெற்றி பின்னர் மேடுபள்ளமாக மாறியதற்கு எந்த விளக்கம் செல்லும்?

ப: 2005ல் 'என்டர்பிரைஸ்' இரண்டு எபிசோடு செலவழித்துச் சொன்ன வைரஸ் விளக்கம். 1996ல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் இதையே கேட்டபோது, வெளியாட்களிடம் பேசமாட்டோம் என்று கிளிங்கானான வார்ஃப் முகத்தை இறுக்கிக்கொள்வார். நமக்கு அந்த மழுப்பலே பிடித்திருக்கிறது.

கே: 'டாக்டர் ஹூ' தொடரின் கேனன் பட்டியல் எங்கே கிடைக்கும்?

ப: கிடைக்காது. பிபிசி அப்படியொன்று போட்டதே இல்லை. பிக் ஃபினிஷ் நிறுவனத்தின் ஆடியோ நாடகங்களைப் பற்றித்தான் சண்டை என்றால், 2013ல் வந்த 'தி நைட் ஆஃப் த டாக்டர்' குறும்படத்தைப் போட்டுக் காட்டுங்கள். அதில் பால் மெக்கான் நடித்த டாக்டர் சார்லி, க்ரிஸ், லூசி, டாம்சின், மோலி என்று ஆடியோவில் மட்டுமே இருந்த துணைகளின் பெயரைச் சொல்கிறார். ஆகவே அந்த ஐவரும் உண்டு. அவர்கள் வரும் ஒவ்வொரு நாடகமும் உண்டா என்பதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.